நாலு சிலிண்டருக்குள் நம்ம கணக்குப் புத்தகம்

அளவியல் பாடம் நடக்கும்போது பின் பெஞ்சில் இருந்து ஒரு குரல் வரும்: "மிஸ், உருளைக்குக் கன அளவு கண்டுபிடிச்சு என்ன மிஸ் பண்ணப் போறோம்?" அந்தக் குரல் யாருடையது என்று நான் சொல்ல மாட்டேன். (நான்தான்!) அந்தக் கேள்விக்குப் பதில் அரையாண்டு லீவில், திண்டிவனத்தில் என் மாமா பட்டறையில் கிடைத்தது. தாளில் இடம் கம்மி, எழுத்து பொடி. கிட்ட வந்து படிங்க.

முதலில் எஞ்சின். கரும்புத் தோட்டத்தில் 'டுக்கு டுக்கு' என்று ஓடும் பழைய ஆயில் எஞ்சினைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஒரே சிலிண்டர். கார் எஞ்சினில் பெரும்பாலும் நாலு. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். உறிஞ்சும், அழுத்தும், வெடிக்கும், புகையைத் தள்ளும். இந்த நாலு வேலைக்கு கிராங்க் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். நாலு சிலிண்டர் இருந்தால் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஏதாவது ஒன்று வெடித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஆட்டம் குறைவு.

சிலிண்டரின் விட்டத்தைப் பட்டறையில் 'போர்' என்பார்கள். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 'ஸ்ட்ரோக்'. இரண்டும் தெரிந்தால் போதும், எத்தனை சி.சி. என்று நாமே போடலாம்.

பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை எடுத்துக்கொள்வோம். போர் 63 மி.மீ., ஸ்ட்ரோக் 76 மி.மீ. ஆரம் 3.15 செ.மீ. அதன் வர்க்கம் 9.9225. அதை 22/7 ஆல் பெருக்கினால் 31.185. உயரம் 7.6 ஆல் பெருக்கினால் 237. நாலு சிலிண்டருக்கு 948. காரின் புத்தகத்திலும் 948 சி.சி. என்றுதான் போட்டிருக்கிறது! எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இந்த ஹெரால்டு ஒன்றும் தூரத்துச் சங்கதி இல்லை. விழுப்புரத்தில் இருந்து சென்னைக்கு ரயிலில் போனால் வண்டலூர் தாண்டிப் பெருங்களத்தூர் வரும். ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. 1961-இல் ஹெரால்டு வந்தது. நாலு கதவு வைத்த ஹெரால்டு உலகத்திலேயே நம்ம ஊரில் மட்டும்தான் செய்தார்கள். 1988-இல் கார் தயாரிப்பே நின்றுபோனது.

இந்த எஞ்சின் இங்கிலாந்தில் பிறந்தபோது 58 மி.மீ. போர், 803 சி.சி.தான். பிறகு 63 ஆனது. அப்புறம் 69.3 மி.மீ. ஆக்கி 1147 சி.சி., 73.7 ஆக்கி 1296 சி.சி. ஸ்ட்ரோக் எல்லாவற்றுக்கும் அதே 76. துவாரத்தை மட்டும் அகலமாக்கியே ஒரு சின்ன கார் எஞ்சினை டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்கிற ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏற்றிவிட்டார்கள்.

இன்னொரு அதிசயம். அதே ஸ்டாண்டர்டு கம்பெனியின் பெரிய எஞ்சினில் சிலிண்டரைத் தனியாகக் கழற்றலாம். அதற்கு லைனர் என்று பெயர், டிராக்டர் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். ஸ்ட்ரோக் 92 மி.மீ. லைனர் 80 போட்டால் 1850 சி.சி., பழைய ஃபெர்குசன் டிராக்டர். 83 போட்டால் 1991 சி.சி., டிரையம்ஃப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் கார். 85 என்றால் வான்கார்டு கார். ஏர் ஓட்டிய எஞ்சினும் பந்தயம் ஓட்டிய எஞ்சினும் அண்ணன் தம்பி! 1985-இல் பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு 2000 என்ற புதுக் கார் செய்தபோதும் உள்ளே அந்தப் பழைய 1991 சி.சி. எஞ்சினைத்தான் வைத்தார்கள். வெளியே பளபளப்பு, உள்ளே தாத்தா. அது சரியாக விற்கவில்லை.

பழைய காரை வாங்கி இப்படி மாற்றுகிற பழக்கத்துக்கு அமெரிக்காவில் 'ஹாட் ராட்' என்று பெயர். ஃபோர்டு டி, ஃபோர்டு ஏ கார்களை வாங்கி, மட்கார்டு எல்லாம் கழற்றிப் போட்டு, எஞ்சினைத் தட்டிக்கொட்டி, கலிபோர்னியாவில் காய்ந்துபோன ஏரிகளில் ஓட்டிப் பார்ப்பார்களாம். ஃபோர்டு ஏ (1927 - 1931) எஞ்சின் 3.3 லிட்டர். ஹெரால்டைப் போல மூன்று மடங்குக்கு மேல் பெரிசு. ஆனால் சக்தி 40 குதிரைதான்! குட்டி ஹெரால்டே கிட்டத்தட்ட 35 தரும். ஏன்?

அழுத்தம்தான். பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ளே இருக்கும் இடத்தை, பிஸ்டன் மேலே வந்ததும் மீதி இருக்கும் இடத்தால் வகுத்தால் வருவது அழுத்த விகிதம். ஃபோர்டு ஏ-க்கு அது 4.2 தான். ஹெரால்டுக்கு 8. நன்றாக அழுத்தி வெடித்தால் அதே பெட்ரோலில் அதிக வேலை. அதனால் ஹாட் ராட் பசங்க முதலில் செய்தது, சிலிண்டர் மேல் இருக்கும் ஹெட்டின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் செதுக்கி மேல் இடத்தைக் குறைத்ததுதான். நம்ம லேத் பட்டறையில் இதற்கு ஹெட் ஃபேசிங் என்று பெயர்.

நம்ம மாநிலத்திலும் இது நடந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல வருஷம் பந்தயம் நடத்தியது. வீட்டு உபயோக ஃபியட், ஹெரால்டு எல்லாம் ஹெட் செதுக்கி, கார்புரேட்டர் மாற்றி அங்கே ஓடின. 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது. (ரோட்டில் ஓடும் வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு விடாது. சைலன்சர் கழற்றிய அண்ணன்கள் கவனிக்க!)

இப்போது மாமா பட்டறைக்கு வருவோம். விழுப்புரத்துப் பெரியவர் ஒருவர் தன் ஹெரால்டைக் கொண்டுவந்தார். பேத்தி கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளையை அதில்தான் அழைத்து வரணும் என்று ஆசை. கேஸ்கெட் போய் தண்ணி கசிந்தது. மாமா ஹெட்டைக் கழற்றி ஒரு லேத் பட்டறையில் ஃபேசிங் போட்டு மாட்டினார். சும்மா ஓடும்போது நன்றாகத்தான் ஓடியது. ஐந்து பேர் ஏறி ஓங்கூர் வரை போனார்கள். மேடு ஏறும்போதெல்லாம் கல்லில் சுத்தி தட்டுவது போலச் சத்தம். திரும்பி வருவதற்குள் மூன்றாவது பிஸ்டனில் ரிங் உட்காரும் காடி உடைந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

மாமாவுக்கு ஒரே கோபம். "அவன்தான் ஹெட்டை ஓவரா செதுக்கிட்டான், கூலி தர மாட்டேன்" என்றார். லேத்காரர், "அண்ணே, அரை மில்லிதாண்ணே எடுத்தேன், சத்தியமா" என்றார். பதினைந்து வருஷப் பழக்கம். இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

சத்தம் ஏன் வந்தது? அளவுக்கு மேல் அழுத்தினால், பெட்ரோல் கலவையின் ஒரு பகுதி பிளக்கின் தீ வந்து சேரும் முன்பே சூட்டில் தானாக வெடித்துவிடும். இதுதான் நாக்கிங். அந்த அடி பிஸ்டன் தலையில் விழும்.

நான் மாமாவிடம், "மாமா, உள்ள எவ்ளோ இடம் இருக்குன்னு அளந்துடலாமே" என்றேன். "நீ போய் படி பாப்பா" என்றார். அப்புறம் அவரே மெடிக்கல் ஷாப்பில் இருந்து 20 மி.லி. சிரிஞ்சு வாங்கி வந்தார்! ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வு, பிளக் எல்லாம் மாட்டி, குழி மேல் ஓட்டை போட்ட கண்ணாடித் தகட்டைக் கிரீஸ் தடவி ஒட்டினோம். சிரிஞ்சால் மண்ணெண்ணெய் விட்டோம். 23 மி.லி. பிடித்தது. கேஸ்கெட் கனத்துக்கு 3 மி.லி. சேர்த்தால் 26. (பிஸ்டன் பிளாக் மட்டம் வரை ஏறுகிறது, அதையும் பார்த்துக்கொண்டோம்.) இப்போது 237-ஓடு 26 கூட்டி 26 ஆல் வகுங்கள். 10.1! எட்டு இருக்க வேண்டிய இடத்தில் பத்து.

எட்டு வர வேண்டும் என்றால் மேல் இடம் 34 மி.லி. இருக்கணும். ஆக 8 மி.லி. காணோம். குழியின் ஓரத்தை வரைபடத்தாளில் பதித்து கட்டம் எண்ணினேன், 30 சதுர செ.மீ. அப்படியென்றால் 1 மி.மீ. செதுக்கினால் 3 மி.லி. போகும். 8 மி.லி. போக 2.67 மி.மீ. செதுக்கியிருக்க வேண்டும். மாமா சென்னை புதுப்பேட்டைக்குப் போய் செதுக்காத பழைய ஹெட் ஒன்று தேடி வாங்கி வந்தார். இரண்டையும் வெர்னியரில் அளந்தோம். வித்தியாசம் 2.6 மி.மீ.

அரை மில்லி எடுத்தேன் என்று லேத்காரர் சொன்னது உண்மையாக இருந்தால், மீதி 2.1 மி.மீ. அதற்கு முன்பே போயிருக்கிறது. கார் நாலு கை மாறிய வண்டி. பழைய ஹெட்டில் மாமா துருவிப் பார்த்தார். ஹெட் போல்ட்டுகளுக்கு அடியில் கனமான வாஷர் இரண்டு இரண்டாகப் போட்டிருந்தது. ஹெட் மெலிந்துபோனதால் எவரோ எப்போதோ போட்டது. மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அளக்காம மாட்டுனது என் தப்பு" என்றார்.

சாயந்தரம் லேத் பட்டறைக்குப் போய் முழுக் கூலியும் கொடுத்தார். மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. எனக்கும் லேத்காரருக்கும் டீயும் போண்டாவும் வாங்கித் தந்தார். புதுப்பேட்டை ஹெட்டை அளந்தோம், கேஸ்கெட்டோடு சேர்த்து 34 மி.லி. புதுப் பிஸ்டன் செலவு மாமாவுடையது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு மறுபடியும் ஓங்கூர் வரை போய் வந்தார்கள். நானும் போனேன். சத்தம் இல்லை.

உங்களுக்கு ஒரு கணக்கு: இதே ஹெரால்டு குடும்பத்தின் கடைசி எஞ்சினில் போர் 73.7 மி.மீ., ஸ்ட்ரோக் 87.5 மி.மீ. எத்தனை சி.சி.? விடையைச் சீட்டில் எழுதி எங்கள் வகுப்பில் கொடுங்கள். கால்குலேட்டர் கூடாது.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி