சாணால் அளந்த கோபுரம்

இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் (இயற்பியல்)

முன்னுரை

கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் ஆம்பூரிலிருந்து தனியாகப் பேருந்தேறி வேலூர் வந்து இறங்கினேன். ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்த் தொலைவுதான். ஆயினும் எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவர் எனக்கு முன் ஒருவருமில்லை. அப்பாவுக்கு டேனரியில் வேலை. அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் தையல் வேலை. இருவரும் விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போய்விடும். ஆகவே தனியாகவே வந்தேன். வாயிலில் எல்லோரும் யாரையாவது பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார்கள். என் பெயரைச் சொல்லி அழைக்க ஒருவருமில்லை.

சில மாதங்கள் கழித்து நூலகத்தில் இப்னு பதூதாவின் பயண நூலைப் படித்தபோது அந்த நாள் மீண்டும் நினைவுக்கு வந்தது. அவரைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் நாம் அனைவரும் ஒரு வரி படித்திருக்கிறோம். முகமது பின் துக்ளக் காலத்தில் தில்லிக்கு வந்த யாத்திரிகர் என்பதே அந்த வரி. ஆனால் அவர் இளைஞராகத் தன்னந்தனியே புறப்பட்டு, அயல்நாட்டுப் பழம்பெரும் நகரங்களை எவ்வாறு பார்த்தார் என்பது அறிவியல் மாணவரும் கற்கவேண்டிய பாடம். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீட்டை விட்டுப் புறப்படல்

இப்னு பதூதா 1304-ஆம் ஆண்டு மொராக்கோ நாட்டின் தாஞ்சியர் நகரில் பிறந்தார். 1325-ஆம் ஆண்டு ஜூன் மாதம், தமது இருபத்தொன்றாம் வயதில், மெக்காவுக்குப் புனிதப் பயணம் செல்ல வீட்டை விட்டுப் புறப்பட்டார். உடன் வர நண்பருமில்லை. சேர்ந்துகொள்ள வணிகக் கூட்டமும் அப்போது இல்லை. பெற்றோர் இருவரும் உயிரோடு இருந்தனர். அவர்களைப் பிரிந்தது தமக்கு மிகுந்த துயரம் தந்தது என்று அவரே கூறுகிறார்.

வழியில் காய்ச்சல் கண்டது. தங்கிக் குணமான பின் செல்லலாம் என்று பிறர் சொல்லியும் கேளாமல், விழுந்துவிடாதபடி தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார். தூனிஸ் நகரை அடைந்தபோது ஊரார் எதிர்கொண்டு வந்து, உடன்வந்த பயணிகளை நலம் விசாரித்தனர். அவரை அறிந்தவர் அங்கு எவருமில்லை. ஒருவரும் தம்மிடம் பேசாதது கண்டு அவர் அழுதுவிட்டார். அதைக் கவனித்த யாத்திரிகர் ஒருவர் அருகில் வந்து ஆறுதலாகப் பேச்சுக் கொடுத்தார். பிற்காலத்தில் ஏறத்தாழ 75,000 மைல் பயணம் செய்தவர் என்று மதிப்பிடப்படும் மாமனிதர், ஒரு பெரிய நகரத்தின் வாயிலில் கண்ணீர் விட்டிருக்கிறார் என்பது நம்மைப் போன்றவர்களுக்கு எத்தனை பெரிய ஆறுதல்!

அலெக்சாந்திரியாவில் ஓர் அளவு

1326-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அவர் எகிப்தின் அலெக்சாந்திரியாத் துறைமுகத்தை அடைந்தார். அங்கிருந்த கலங்கரை விளக்கம் பண்டைய உலகின் ஏழு அதிசயங்களுள் ஒன்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. இப்னு பதூதா அதனைக் காணும்போது ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் கடந்திருந்தன. நிலநடுக்கங்களால் சிதைந்து, அதன் ஒரு பக்கம் இடிந்திருந்தது.

இளைஞர் அதை அண்ணாந்து பார்த்து வியந்ததோடு நின்றுவிடவில்லை. வாயில் தரையிலிருந்து உயரத்தில் இருப்பதையும், எதிரில் அதே உயரத்தில் உள்ள கட்டடத்திலிருந்து பலகைகளைப் போட்டுத்தான் உள்ளே செல்ல முடியும் என்பதையும், பலகைகளை எடுத்துவிட்டால் வழியே இல்லை என்பதையும் குறிப்பிடுகிறார். உள்வழியின் அகலம் ஒன்பது சாண், சுவரின் கனம் பத்துச் சாண், கோபுரத்தின் ஒவ்வொரு பக்கமும் 140 சாண் என்று அளவும் கொடுக்கிறார்.

இந்த இடத்தில் எனக்கு ஓர் ஆசை தோன்றியது. எங்கள் வகுப்பில் பத்துப் பேருடைய சாணை அளவுகோலால் அளந்து பார்த்தோம். 19 முதல் 23 சென்டிமீட்டர் வரை இருந்தது. ஒரு சாண் 22 சென்டிமீட்டர் என்று கொண்டால், 140 சாண் 30.8 மீட்டர் ஆகிறது. அக்கோபுரத்தின் அடித்தளம் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 30 மீட்டர் இருந்திருக்கும் என்பது இன்றைய அறிஞர்களின் கணக்கு. கையில் நாடாவும் இல்லை, கருவியும் இல்லை. விரித்த கை ஒன்றே ஒரு வாலிபருக்கு அளவுகோலாக உதவியிருக்கிறது.

இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1349-இல் தாயகம் திரும்பும் வழியில் அவர் மீண்டும் அங்கே சென்றார். உள்ளே நுழையவே முடியாத அளவுக்குக் கோபுரம் பாழடைந்திருந்ததைப் பதிவு செய்தார். பின்னர் 1477-இல் அதே இடத்தில் சுல்தான் காயித்பே ஒரு கோட்டை எழுப்பினார். 1994-இல் தொல்லியலார் அருகிலுள்ள கடலின் அடியில் பழைய கட்டடத்தின் பெருங்கற்களைக் கண்டனர். கோபுரம் போய்விட்டது; அதை நேரில் கண்டு அளந்தவர்களின் எழுத்து நிற்கிறது.

கெய்ரோ: கேட்டதும் கண்டதும்

அலெக்சாந்திரியாவிலிருந்து நைல் நதி வழியிலுள்ள ஊர்களைக் கடந்து கெய்ரோ சென்றார். அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய நகரங்களுள் அது ஒன்று. அந்நகரில் ஒட்டகங்களில் தண்ணீர் சுமப்போர் 12,000 பேர், கோவேறு கழுதைகளையும் கழுதைகளையும் வாடகைக்கு விடுவோர் 30,000 பேர், நைல் நதியில் 36,000 படகுகள் என்று எழுதுகிறார். அக்காலத்தில் தண்ணீர் சுமந்தது தோற்பைகளில்தான். அப்படியானால் அந்நகரின் தாகம் தீர எத்தனை தோல் பதனிடுவோர் உழைத்திருக்க வேண்டும் என்று எண்ணாமல் இருக்க ஆம்பூர்க்காரியான என்னால் இயலவில்லை.

ஆனால் கவனிக்க வேண்டியது வேறொன்று. இந்த மூன்று எண்களையும் சொல்லும்போது, இவ்வாறு சொல்லப்படுகிறது என்ற சொல்லையும் அவர் சேர்த்தே சொல்கிறார். 12,000 பேரை ஒருவர் நின்று எண்ண முடியாது. ஆகவே தாம் எண்ணியதாக அவர் கூறவில்லை. கேட்டதைக் கேட்டதாகவே கூறுகிறார். சுல்தான் கலாவூன் 1284-இல் நிறுவிய பெரிய மருத்துவமனையையும் அவர் போற்றுகிறார். அதன் மருந்துகளுக்கும் வசதிகளுக்கும் எல்லையில்லை என்கிறார். அதன் நாள் வருமானம் ஆயிரம் தினார் என்று சொல்லும்போதும் அதே எச்சரிக்கையைக் கையாளுகிறார். மருத்துவமனையால் பெயர்பெற்ற வேலூரில் வாழும் நமக்கு, அயலூர் இளைஞர் ஒருவர் மருத்துவமனை ஒன்றை நகரத்தின் பெருமையாகக் கண்டது மகிழ்ச்சி தருவதாகும்.

தவறிய இடம்

அப்படியானால் அவர் எழுதியதெல்லாம் உண்மையா? இல்லை. கெய்ரோவுக்கு மிக அருகில் உள்ள பிரமிடுகளைப் பற்றி எழுதும்போது, அவை அடியில் வட்டமாக அகன்று, மேலே கூம்பு போலக் குறுகிச் செல்வன என்கிறார். பெரிய பிரமிடின் அடித்தளம் ஏறத்தாழ 230 மீட்டர் பக்கமுள்ள சதுரம் என்பதை நாம் அறிவோம். ஒரு முறை அதைச் சுற்றி நடந்தவர்கூட அதனை வட்டம் என்று சொல்லமாட்டார். ஆகவே அவர் பிரமிடுகளை நேரில் பார்க்கவில்லை என்றே அறிஞர் பலர் கருதுகின்றனர். இங்கே சாணும் இல்லை. சொல்லப்படுகிறது என்ற சொல்லும் இல்லை. தவறு நேர்ந்தது இங்கேதான்.

இதற்குக் காரணமும் உண்டு. நூல் பயணத்தின்போதே எழுதப்பட்டதன்று. மொராக்கோ மன்னர் அபூ இனானின் கட்டளைப்படி ஃபெஸ் நகரில் இப்னு பதூதா சொல்லச் சொல்ல, இப்னு ஜுசை என்ற புலவர் எழுதி, 1355-இல் முடித்தார். அதற்குள் முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. குறிப்புகள் சிலவற்றை இந்தியப் பெருங்கடலில் கொள்ளையர் பறித்துவிட்டனர். சில நகரங்களின் வருணனைகள் இப்னு ஜுபைர் என்ற முந்தைய யாத்திரிகரின் நூலிலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டன. (அந்த ஃபெஸ் நகரம் தோல் பதனிடும் தொட்டிகளுக்குப் பல நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்றது என்பது நம் பகுதியினருக்கு ஒரு சுவையான செய்தி.)

தமிழகத்தில்

அலெக்சாந்திரியாவில் அவரைக் கண்ட புர்ஹானுத்தீன் என்ற பெரியவர், அவருடைய பயண ஆசையை உணர்ந்து, இந்தியாவிலும் சிந்துவிலும் சீனாவிலும் உள்ள தம் சகோதரர்களைச் சென்று காணுமாறு கூறினாராம். அதுவரை அந்த எண்ணமே இல்லாத இளைஞரின் மனத்தில் அச்சொல் பதிந்துவிட்டது. 1344-ஆம் ஆண்டளவில், நாற்பது வயதில், இலங்கையைக் கண்டபின் அவர் நம் தமிழகக் கரையில் வந்து இறங்கினார்.

அப்போது மதுரையில் சுல்தான்களின் ஆட்சி நடந்தது. மதுரையை அகன்ற தெருக்களுடைய பெரிய நகரம் என்று குறிப்பிடுகிறார். அந்நேரம் அங்குக் கொள்ளைநோய் பரவியிருந்தது. நோய் கண்டவர் இரண்டு மூன்று நாட்களில் மடிந்தனர். அவருக்கும் கடுங்காய்ச்சல் வந்தது. அங்கு ஏராளமாகக் கிடைத்த புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துப் பிழைத்ததாகக் கூறுகிறார். மதுரை சுல்தான் கியாசுத்தீன் அவருக்குப் பெண்வழி உறவினர். ஆயினும் அச்சுல்தான் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையைக் கண்ணால் கண்டவர், அதனை மறைக்காமல் எழுதி, வெட்கக்கேடான செயல் என்று கண்டிக்கிறார். சாணால் அளந்த கைக்கு, கண்டதைச் சொல்லும் துணிவும் இருந்தது.

நமக்குரிய பாடம்

முதலாண்டில் நான் செய்த தவறொன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஊசல் சோதனையில், மூத்த மாணவி ஒருவரின் ரெக்கார்டைப் பார்த்து அளவீடுகளை அப்படியே எழுதிவிட்டேன். புவியீர்ப்பு முடுக்கம் மிகச் சரியாக 980 என்று வந்தது. விரிவுரையாளர் அதைப் பார்த்து, “ஊசலைத் தொட்டாயாம்மா?” என்று மட்டும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மறுவாரம் நானே அளந்தபோது 964 வந்தது. அதற்குத்தான் அவர் கையெழுத்திட்டார். நான் முதலில் எழுதியது என் வட்டப் பிரமிடு.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் வேலை செய்வது தோலை அளக்கும் பிரிவில். “கண்ணால பார்த்து இத்தனை அடின்னு சொன்னா விக்கிறவனும் நம்பமாட்டான், வாங்குறவனும் நம்பமாட்டான். அளந்துட்டுச் சொல்லும்மா” என்றார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை.

நண்பர்களே, அயல்நாடு செல்லும் வாய்ப்பு நம்மில் பலருக்கு எப்போது வருமோ தெரியாது. ஆனால் நம் முன்னே வேலூர்க் கோட்டை இருக்கிறது. அகழியில் பத்தாயிரம் முதலைகள் இருந்தன என்றும், விரிஞ்சிபுரம் வரை சுரங்கம் உண்டு என்றும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். கேட்டதைக் கேட்டதாகவே சொல்வோம். சென்ற மாதம் நானும் என் தோழியும் கோட்டை மதிலின் கல்லொன்றைச் சாணால் அளந்தோம். இருவர் கணக்கிலும் ஒரு சாண் வேறுபட்டது. இரண்டையும் அவரவர் சாணின் அளவோடு நோட்டில் எழுதி வைத்தோம்.

முடிவுரை

தனியே செல்பவருக்கு வழிகாட்ட ஆளில்லை. ஆகவே தன் கண்ணையும் கையையும் நம்ப வேண்டியிருக்கிறது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருபவர் நிலையும் ஏறக்குறைய அதுவே. அந்தக் கண்ணையும் கையையும் நேர்மையாகப் பயன்படுத்தினால், 140 சாண் என்ற ஒரு வரி எழுநூறு ஆண்டுகள் கழித்தும் நிற்கும். இவ்வாண்டு புதிதாக நம் கல்லூரிக்கு வந்து, பேச ஆளின்றி வாயிலில் நிற்கும் தம்பி தங்கையரைக் கண்டால், தூனிஸில் அந்த யாத்திரிகர் செய்ததுபோல் அருகில் சென்று ஒரு வார்த்தை பேசுவோமாக.