மலையேறும் பாலைத்தூசி

வறண்ட நாளில் செம்மண் சாலையில் லோரி விரைந்தோடுவதை நாம் கண்டிருக்கிறோம். பருமணல் உடனே விழுந்துவிடும். நுண்தூசியோ நெடுநேரம் மிதந்து ஓரத்து இலைகளில் படியும். இது ஒரு பெரும் பாலைவனத்தில் நிகழ்ந்தால் எவ்வாறிருக்கும்?

சீனாவின் வடமேற்கில் தக்லமக்கான் பாலைவனம் உள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 330,000 சதுர கிலோமீட்டர். நம் மலேசியா முழுவதற்கும் ஈடானது. தேசப்படத்தை விரித்து நோக்குவோம். வடக்கே தியான்சான், மேற்கே பாமீர், தெற்கே குன்லுன் என மூன்று புறமும் மலைகள் சூழ்ந்திருக்க, கிழக்கு மட்டுமே வாயில்போல் திறந்திருக்கக் காண்போம்.

இளவேனிற் காலத்தில் குளிர்காற்று அவ்வாயில் வழியே புகுகின்றது. காற்று தூசியை நேரே தூக்கிவிடுகிறது என நாம் எண்ணுவோம். அது முற்றும் சரியன்று. நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால் எளிதில் கிளம்பா. சற்றுப் பருத்த மணலே முதலில் துள்ளும். துள்ளிய மணல் விழுந்து மோதும்போதுதான் தூசி கிளம்பும். மணல் தரையையொட்டியே நின்றுவிட, தூசி மேலே செல்லும்.

தெற்கே குன்லுன் மலை குறுக்கிடுவதால் காற்று வேறு வழியின்றிச் சரிவில் ஏறுகின்றது. தூசியும் உடன் ஏறுகின்றது. புயலில்லாத நாளிலும் இது நிகழ்வதுண்டு. பகல் வெயிலில் சரிவு சூடேற, அங்குள்ள காற்று இலேசாகி மேலெழும். கீழ்க்காற்று அவ்விடத்தை நாடி ஏறும். இரவில் காற்று குளிர்ந்து இறங்கினாலும், ஏறிய தூசி அனைத்தும் இறங்குவதில்லை. புல்லும் ஈரமும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. அவ்வாறு படிந்த மண்ணைக் காற்றடி வண்டல் என்பர். கடல்மட்டத்திற்கு 3,000 மீட்டருக்கு மேலும் அது சரிவை மூடியுள்ளது. அதில் முளைக்கும் புல்லே ஆடுகளுக்கு மேய்ச்சல்.

சிறிதளவு தூசி மலையையும் தாண்டிவிடும். 2007 மே மாதத்தில் கிளம்பிய தூசி, ஏறத்தாழ 13 நாளில் உலகையே ஒருமுறை சுற்றி வந்ததை அறிஞர்கள் செயற்கைக்கோளின் துணையால் கண்டறிந்தனர்!

உச்சிப் பனியின்மேல் விழும் தூசியே நாம் கவலையோடு நோக்க வேண்டியது. வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்பும். தூசி படிந்த பனியோ வெப்பத்தை உறிஞ்சி விரைவில் உருகும். அடிவாரத்திலுள்ள கோத்தான் நகரில் ஆண்டு மழை 100 மில்லிமீட்டரையும் எட்டுவதில்லை. மலைப்பனி உருகிவரும் யுருங்காஷ், காராகாஷ் ஆறுகளை நம்பியே அங்குள்ளோர் பயிரிடுகின்றனர். பனி பருவத்திற்கு முன்னரே உருகி ஓடிவிட்டால், கதிர் முற்றும் வேளையில் அவர்தம் வாய்க்காலில் நீர் குறைந்துவிடும்.