பட்டையும் வாளியும்

“பட்டை” என்றதும் உங்களுக்கு மரப்பட்டையே நினைவுக்கு வருவதை வகுப்பிலே கண்டோம். நாம் கூறுவது பனையோலையால் இழைத்த வாளியை. வற்றாத ஆறில்லா யாழ்ப்பாணத்திலே, சுண்ணக்கற் பாறையில் வெட்டிய கிணற்று நீரைத் தோட்டத்திற்கு அளித்தது அதுவே. துலாக்கொடியில் அதனைக் கட்டுவர். ஒருவர் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். மற்றவர் கிணற்றடியில் நின்று நீரை வாய்க்காலிற் கவிழ்ப்பார். மிதிப்பவர் கால் தவறினால் உயிருக்கே ஆபத்து! தமிழகத்தில் எருதுகள் இழுத்த கமலையின் தோற்சால் இதனினும் பெரியது.

பின்னர் இரும்பு வாளி வந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்ததும் துலாக்கள் மறைந்தன. 1990 ஆம் ஆண்டின் பின் எரிபொருள் தடைப்பட, இயந்திரங்கள் ஓய்ந்தன. துலாவை மீண்டும் நாட்டினோம். மிதிக்கத் தெரிந்தோர் எமது அயலில் முதியவர் இருவரே. ஆசிரியராகிய நாம் அவர்களிடம் மாணவராயினோம்.