மாத்திரை சேர்ந்ததும் சீட்டாட்டம் வந்தது ஏன்?

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியரான என் அப்பாவுக்கு 64 வயது. பார்க்கின்சன் நோய் இருக்கிறது. போன வருடம் பிரமிபெக்ஸோல் மாத்திரை சேர்த்தார்கள். கை நடுக்கம் நன்றாகக் குறைந்தது. ஆனால் வாழ்நாளில் சீட்டுக்கட்டைத் தொடாத மனிதர், இப்போது காசு வைத்து ஆடுகிறார். அம்மாவின் வளையலை அடகு வைத்துவிட்டார். கேட்டால் எரிந்து விழுகிறார். வயதான காலத்தில் ஏன் இப்படிப் புத்தி கெட்டது?

- வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் அப்பாவின் குணம் கெட்டுவிட்டதாக நான் நினைக்கவில்லை. இது அந்த மாத்திரையின் பக்கவிளைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தயவுசெய்து அவரைத் திட்டாதீர்கள்.

இந்த நோயில், நடுமூளையில் கறுப்பாகத் தெரியும் ஒரு சிறு பகுதியில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிகின்றன. கைகால் அசைவை நடத்தும் பாதைக்கு டோபமைன் போதாமல் போகிறது. பக்கத்திலிருந்தே புறப்படும் இன்னொரு டோபமைன் பாதை, ஆசையையும் ‘இன்னும் ஒரே ஆட்டம்’ என்ற உந்துதலையும் ஆள்வது. நோயின் தொடக்கத்தில் அது அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. டோபமைனைப் போல வேலை செய்யும் மாத்திரை இரண்டு பாதைக்கும் போய்ச் சேரும்போது, காய்ந்த வயலுக்காகத் திறந்த மடை, ஈரமாக இருந்த வயலையும் மூழ்கடித்தாற்போல் ஆகிறது. மதுவும் கொக்கெயினும் தூண்டுவது இதே பாதையைத்தான். பிரமிபெக்ஸோல், அதே வகை மாத்திரையான ரோபினிரோல் இரண்டும் அங்கே நிறைந்துள்ள டி3 என்ற டோபமைன் ஏற்பிகளில் வலுவாக ஒட்டிக்கொள்பவை.

2010-ல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளைப் பரிசோதித்தது. இவ்வகை மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்குச் சூதாட்டம், அடங்காத ஷாப்பிங், மிதமிஞ்சிய தீனி, பாலுணர்வு என ஏதோ ஒன்று கட்டுமீறியிருந்தது. எடுக்காதவர்களில் அது 7 சதவீதம்தான். இன்னும் சிலர், நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் ரேடியோவை இரவெல்லாம் கழற்றிக் கழற்றி மாட்டுவார்கள்.

அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் பதற்றம், வியர்வை, கடுமையான மனச்சோர்வு வரலாம். அரிதாக, உடல் விறைத்துக் காய்ச்சல் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். நரம்பியல் மருத்துவர் அதைப் படிப்படியாகக் குறைத்து, தேவைப்பட்டால் இந்த நோய்க்கான இன்னொரு மருந்தான லெவோடோபாவின் அளவைக் கூட்டுவார். பலருக்கு இதிலேயே பழக்கம் அடங்கிவிடுகிறது.

அதுவரை ஏடிஎம் கார்டும் நகையும் அம்மாவின் பொறுப்பில் இருக்கட்டும். அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே அப்பாவோடு நீங்களும் மருத்துவரிடம் போங்கள். வெட்கத்தில் அவர் வாய் திறக்கமாட்டார். சீட்டாட்டத்தைப் பற்றி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.