வருமுன் காக்கும் ஓட்டுநர்

கற்றல் நோக்கம்: பிறர் தவறு செய்தாலும் விபத்து நேராதவாறு வண்டி ஓட்டும் முறையை அறிதல்.

மாணவர்களே! உங்களுள் பலர் இன்னும் சில ஆண்டுகளில் ஓட்டுநர் உரிமம் பெறும் வயதை அடைவீர்கள். வண்டியை ஓடச் செய்வது எளிது. உரிய நேரத்தில் நிற்கச் செய்வதே அரிது. இதனை நம் ஹைதராபாத் நகரில் நிகழ்ந்த ஒரு விபத்து உணர்த்துகிறது.

2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கத்தில் பயோடைவர்சிட்டி சந்திப்பில் புதிய மேம்பாலம் ஒன்று திறக்கப்பட்டது. அம்மாதம் 23ஆம் நாள், அம்மேம்பாலத்தின் வளைவில் விரைந்து வந்த மகிழுந்து ஒன்று தடுப்புச்சுவரைத் தாண்டிக் கீழே இருந்த சாலையில் விழுந்தது. அங்கே நின்றிருந்த பெண் ஒருவர் உயிரிழந்தார். அவ்விடத்தில் அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர். அம்மகிழுந்தோ 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வந்ததாகக் காவல்துறையினர் தெரிவித்தனர். மேம்பாலம் மூடப்பட்டு, பாதுகாப்பு ஏற்பாடுகளுக்குப் பின் 2020 சனவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. உயிரிழந்தவர் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

வேகமும் தொலைவும்

வேகம் இரு மடங்கானால் ஆபத்தும் இரு மடங்காகும் எனப் பலர் கருதுகின்றனர். அது தவறு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கும். ஆபத்தைக் கண்டு, பிரேக் பிடிக்க நமக்கு ஏறத்தாழ ஒரு நொடி தேவை. பிரேக் பிடித்த பின்னும் உலர்ந்த சாலையில் வண்டி 10 மீட்டர் ஓடி நிற்பதாகக் கொள்வோம். மொத்தம் 21 மீட்டர். வேகம் 80 ஆனால், முதல் நொடியில் 22 மீட்டரும், பிரேக் பிடித்த பின் நான்கு மடங்காக 40 மீட்டரும் ஓடும். மொத்தம் 62 மீட்டர்! வளைவில் வண்டியைச் சாலையில் நிறுத்தி வைக்கத் தேவையான விசையும் இவ்வாறே நான்கு மடங்காகிறது.

இரண்டு நொடி இடைவெளி

முன்னே செல்லும் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைக் கடக்கும்போது, "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என நிதானமாக எண்ணுங்கள். எண்ணி முடிக்கும் முன்னரே நீங்கள் அக்கம்பத்தை அடைந்தால், மிக நெருங்கிச் செல்கிறீர்கள் என்பது பொருள். மழைக்காலத்தில் நான்கு நொடி இடைவெளி விடுங்கள். தேங்கிய நீருக்கு அடியில் பள்ளம் இருக்கலாம் என்பதை மறவாதீர்கள்.

முன்கூட்டியே எண்ணுதல்

ஓரமாக நிற்கும் ஆட்டோ திடீரெனத் திரும்பலாம். நின்றிருக்கும் பேருந்தின் முன்புறத்திலிருந்து ஒரு சிறுவன் ஓடி வரலாம். "அவர் நின்றுவிடுவார்" என்று நம்புபவர் சாதாரண ஓட்டுநர், "அவர் நிற்காவிட்டால் நான் என்ன செய்வேன்?" என்று கேட்டுக்கொள்பவரே வருமுன் காக்கும் ஓட்டுநர்.

பிறர் தவறு மட்டுமன்று, நம் கவனக்குறைவும் ஆபத்தே. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்கையில் இரண்டு நொடி கைப்பேசியைப் பார்த்தால், 33 மீட்டர் தொலைவைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்கு ஒப்பாகும். "இன்னும் வேகமாகப் போ!" என்று நண்பர்கள் தூண்டும்போது மறுப்பதற்கும் துணிவு வேண்டும். தலைக்கவசமும் இருக்கைப் பட்டையும் அபராதத்திற்கு அஞ்சி அணிபவை அல்ல, உயிருக்காக அணிபவை.

சட்டம் கூறுவது

பழகுநர் உரிமம் பெற 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 50 சி.சி.க்கு மிகாத, கியர் இல்லாத இருசக்கர வண்டிக்கு மட்டும் 16 வயது போதும். அதற்குப் பெற்றோர் ஒப்புதல் தேவை. 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தப்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். அச்சிறார் 25 வயது வரை உரிமம் பெற இயலாது.

சாலை நமக்கு மட்டும் உரியதன்று. நாம் விடும் இடைவெளி, முகம் அறியாத ஒருவரின் உயிரைக் காக்கும்.

அருஞ்சொற்பொருள்
இழைத்தால் – செய்தால்
பழகுநர் – பயிற்சி பெறுபவர்
விசை – ஒரு பொருளை இயக்கும் அல்லது நிறுத்தும் ஆற்றல்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தொலைவு ______ மடங்காகும்.
2. மழைக்காலத்தில் முன்வண்டிக்குப் பின்னே ______ நொடி இடைவெளி விட வேண்டும்.

ஆ. பிரித்து எழுதுக.
அம்மேம்பாலம், தலைக்கவசம், அவ்விடம்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. வருமுன் காக்கும் ஓட்டுநர் தமக்குள் எழுப்பும் வினா யாது?
2. நண்பர்கள் வேகமாகச் செல்லத் தூண்டினால் நீங்கள் என்ன கூறுவீர்கள்?

ஈ. செயல்பாடு
உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில், எதிர்பாராமல் ஒருவர் குறுக்கே வரக்கூடிய மூன்று இடங்களைக் குறித்து, அங்கே ஓட்டுநர் செய்ய வேண்டுவதை ஐந்து தொடர்களில் எழுதுக. அதனை வீட்டில் வண்டி ஓட்டுபவரிடம் படித்துக் காட்டுக.