குறிப்புப் பத்தியில் என்ன எழுதியிருக்கிறது?

பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டுக்கு சிஸ்டம் டிசைன் எடுக்கத் தொடங்கிய புதிதில், நான் வரையறைகளிலிருந்துதான் ஆரம்பிப்பேன். என்டிட்டி என்றால் என்ன, அட்ரிபியூட் என்றால் என்ன, 1970இல் காட் வெளியிட்ட ரிலேஷனல் மாடல் கட்டுரை, 1976இல் பீட்டர் சென் தந்த இ.ஆர். வரைபடம் என்று வரிசையாகப் போகும். மாணவர்களும் ரெக்கார்டு நோட்டில் ஸ்கேல் வைத்து அழகாகக் கட்டம் போடுவார்கள், தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்குவார்கள். பிராஜெக்ட் என்று வந்தால் மட்டும் முதலில் லாகின் பக்கம், அதற்கு என்ன நிறம் என்ற விவாதம். உள்ளே எதை வைப்பது என்ற யோசனை கடைசியில்தான் வரும். பிழை அவர்களிடம் இல்லை. கட்டம் போடக் கற்றுக்கொடுத்த நான், கட்டத்துக்குள் வரவேண்டிய உலகத்தைக் காட்டவே இல்லை.

இப்போது முதல் இரண்டு வாரம் லேபுக்கே போவதில்லை. கல்லூரி நூலகத்துக்குக் கூட்டிப்போகிறேன்.

நூலகத்தைப் பார்க்கும் முன்பே ஒவ்வொரு குழுவும் ஒரு வரைபடம் போட்டுக்கொண்டு வரவேண்டும். எல்லாரும் ஒன்றையேதான் கொண்டுவருவார்கள்: ‘புத்தகம்’ என்று ஒரு டேபிள், அதற்கு ஐ.எஸ்.பி.என். பிரைமரி கீ. நூலகரிடம் சொல்லி, ஒரே சி புரோகிராமிங் புத்தகத்தின் ஐந்து பிரதிகளை மேஜையில் வைக்கச் சொல்வேன். “இதில் ஒன்றை ஒரு மாணவர் எடுத்துப் போகிறார். எதை எடுத்தார் என்று உங்கள் டேபிள் சொல்லுமா?” ஐந்துக்கும் எண் ஒன்றுதான். சிறிது நேரம் யாரும் பேசமாட்டார்கள். பிறகு யாராவது ஒருவர் அட்டையைத் திருப்பி, உள்ளே முத்திரைக்குள் கையால் எழுதிய வேறொரு எண்ணைக் கண்டுபிடிப்பார். அதுதான் அக்சஷன் எண். நூலகத்துக்குள் வரும் ஒவ்வொரு பிரதிக்கும் தனியாக ஒன்று கொடுத்து ரெஜிஸ்டரில் பதிவார்கள். நூல் வேறு, பிரதி வேறு என்பதை அந்த ரெஜிஸ்டர் எப்போதோ தீர்த்துவைத்திருக்கிறது. பழைய அலமாரிப் பக்கம் போனால் இன்னொன்றும் தெரியும். ஐ.எஸ்.பி.என். சர்வதேசத் தரமானதே 1970இல்தான். அதற்கு முந்தைய பதிப்புகளில் அந்த எண்ணே இருக்காது.

அடுத்து நான் பார்க்கச் சொல்வது ரெஜிஸ்டரின் கடைசிப் பத்தியை. ‘குறிப்பு’ என்று தலைப்பிட்ட அந்த ஒடுங்கிய இடத்தை மாணவர்கள் சுலபமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மற்றப் பத்திகள் எல்லாம் நூலகம் எப்படி நடக்கவேண்டும் என்று சொல்பவை. உண்மையில் எப்படி நடக்கிறது என்பது இங்கேதான் இருக்கிறது. ‘பைண்டிங்குக்குப் போயுள்ளது’, ‘தொலைந்தது, மாற்றுப் பிரதி பெறப்பட்டது’, ‘துறை நூலகத்துக்கு அனுப்பப்பட்டது.’ உள்ளே, வெளியே என்று இரண்டே நிலை வைத்திருந்த குழு, பைண்டிங்கில் இருக்கும் புத்தகத்தை எங்கே வைக்கும்? அலமாரியிலும் இல்லை, யார் கையிலும் இல்லை. இந்தக் கேள்விக்கு விடை தேடும்போதுதான் டிசைன் என்ற சொல்லுக்கு அவர்களுக்குப் பொருள் பிடிபடுகிறது.

வேலை செய்பவர்களிடம் எப்படிக் கேட்பது என்பதையும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. “உங்களுக்கு என்னென்ன வசதி வேண்டும் மேடம்?” என்று கேட்டால், “எல்லாம் கம்ப்யூட்டரில் வந்தால் போதும்ப்பா” என்றுதான் பதில் வரும். “கடைசியாகத் தகராறு வந்தது எதற்கு?” என்று கேட்கச் சொன்னேன். அபராதத்துக்கு என்றார் நூலகர். மழைக்குக் கலெக்டர் விடுமுறை விட்ட நாட்களுக்கும் சேர்த்து அபராதம் போட்டுவிட்டதாகச் சில மாணவர்கள் வந்து நின்றிருக்கிறார்கள். எந்தக் குழுவின் வரைபடத்திலும் விடுமுறை நாட்களுக்கு இடமே இல்லை.

புத்தகம் எடுப்பவரின் பெயருக்கு வருகிறேன். எங்கிருந்தோ எடுத்த மாதிரியைப் பார்த்து முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பத்தி போட்டுவிடுகிறார்கள். உங்கள் பெயரையே அதில் நிரப்புங்கள் என்பேன். வகுப்பில் பெரும்பாலோருக்கு இருப்பது பெயரும் இனிஷியலும்தான். அப்பா பெயரைக் கடைசியில் போடுவதா, முதலில் போடுவதா? ஒரே பெயர், ஒரே இனிஷியல் உள்ள இருவரை எப்படிப் பிரிப்பது? போன் நம்பரைக் கீயாக வைக்கலாம் என்று ஒருவர் சொன்னதும், வீட்டில் மூன்று பேருக்கு ஒரே போன்தான் என்றாள் ஒரு மாணவி. தன் வீட்டு நிலைமையை அவள் வகுப்பில் அவ்வளவு இயல்பாகச் சொன்னதை நான் பெரிதாக மதிக்கிறேன். அன்று வகுப்பில் யாரும் கீ என்றால் என்ன என்று மனப்பாடம் செய்யவில்லை.

டேட்டா ஃப்ளோ டயகிராமுக்கு ஒரு வகுப்புதான். வரையத் தெரிந்தால் போதும்.

நார்மலைசேஷனுக்கு மட்டும் காகிதம் வேண்டும். நாற்பது வரி கொண்ட ஒரு தாளை எல்லாருக்கும் கொடுப்பேன். மாணவர் பெயர், துறை, துறைத் தலைவர் பெயர். “வணிகவியல் துறைத் தலைவர் மாறிவிட்டார். பேனாவால் திருத்துங்கள், இரண்டு நிமிடம்.” நேரம் முடிந்ததும் தாள்களை மாற்றிப் பார்க்கச் சொன்னால், ஏதாவது ஒரு தாளில் இரண்டு வரி விட்டுப்போயிருக்கும். அந்தத் தாளின்படி துறைக்கு இரண்டு தலைவர்கள். அதன் பிறகு மூன்றாம் நார்மல் ஃபார்மின் இலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதினால், தாங்கள் பட்டதற்கு ஒரு பெயர் கிடைத்ததுபோல் எழுதிக்கொள்கிறார்கள்.

நூலகத்தில் நிற்கும் நாட்களிலேயே எஸ்.ஆர். ரங்கநாதனைப் பற்றியும் பேசிவிடுவேன். சீர்காழிக்காரர், கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931இல் அவர் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரம் வீணாகக்கூடாது என்பதைப் பற்றியது. தங்கள் டேபிளின் ஒவ்வொரு பத்திக்கும் நேரே, இது யாருடைய நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்று எழுதச் சொல்கிறேன். பதில் எழுத முடியாத பத்திகளை அவர்களே அடித்துவிடுகிறார்கள்.

மதிப்பெண்ணில் பாதியை வைவாவுக்கு வைத்திருக்கிறேன். வரைந்ததை விளக்கச் சொல்வதில்லை. ஒரு மாற்றத்தைச் சொல்லி, எந்தக் கோடு உடையும் என்று கேட்கிறேன்.

போன பருவத்தில் வைவா முடிந்த பிறகும் ஒரு மாணவன் நூலகத்துக்குப் போயிருக்கிறான். ரெஜிஸ்டரில் சில எண்களுக்குப் பக்கத்தில் மட்டும் பென்சில் கோடு இருந்தது ஏன் என்று கேட்டானாம். படிப்பு முடித்துப் போனவர்கள் திருப்பித் தராத புத்தகங்கள் என்றிருக்கிறார் நூலகர். “என்றைக்காவது கொண்டுவந்து தருவார்கள் தம்பி, அதனால்தான் பேனாவால் அடிக்கவில்லை.” மறுநாள் காலை ஸ்டாஃப் ரூம் வாசலில் அவன் தன் வரைபடத்தோடு நின்றான். ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம் இருந்தது.

“இதற்கு என்ன பெயர் வைப்பது சார்? தொலைந்தது என்று போட மனசு வரவில்லை.”