பழைய கூட்டமும் புதிய விடைக்கோழிகளும்

பத்துக் கோழி வளர்க்கும் வீட்டில் ஆண்டுதோறும் இரண்டு மூன்று குறைவது வழக்கம். சில நோயால் இறக்கும். சிலவற்றைக் கீரி கொண்டுபோகும். சில முட்டையிடும் வயதைக் கடந்துவிடும். குறைந்ததை நிரப்பப் புதிய விடைக்கோழிகள் வாங்கியே ஆகவேண்டும். வாங்குவது எளிது. வந்தவற்றைப் பழைய கூட்டத்தோடு சேர்ப்பதுதான் அரிது. கால்நடை மருத்துவம் பயிலும் நான் பரேலியைச் சூழ்ந்த சிற்றூர்களில் கண்டறிந்ததையும் பாடத்தில் கற்றதையும் இங்குச் சுருக்கமாகக் கூற முற்படுகிறேன்.

ஒரு வீட்டில் நிகழ்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். முட்டை விற்ற காசில் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கும் குடும்பம் அது. நான்கு விடைக்கோழிகளை மாலையில் வாங்கி வந்து, அன்றிரவே பழைய எட்டுக் கோழிகளோடு ஒரே கூட்டில் அடைத்துவிட்டார்கள். விடிந்து பார்க்கையில் ஒன்று இறந்து கிடந்தது. மற்றொன்றுக்கு ஒரு கண் போயிருந்தது. “இவற்றுக்கு ராசியில்லை” என்றார் அவ்வீட்டு அம்மையார். ராசியின் குற்றம் அன்று அது. காரணம் கோழியின் இயல்பிலேயே இருக்கிறது.

கொத்து வரிசை

நார்வே நாட்டு அறிஞர் தோர்லைவ் ஷெல்டெருப்-எப்பே சிறுவயது முதலே கோழிகளைக் கூர்ந்து நோக்கியவர். எந்தக் கோழி எதைக் கொத்துகிறது, எது எதற்கு ஒதுங்குகிறது என்று குறித்துவைத்து, தாம் கண்டதை 1922-இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். கூட்டத்தில் ஒவ்வொரு கோழிக்கும் ஓர் இடம் உண்டு. மேலிடத்துக் கோழி கீழிடத்துக் கோழியைக் கொத்தும். கொத்துப்பட்டது எதிர்க்காமல் விலகும். இதனையே கொத்து வரிசை என்கிறோம்.

இவ்வரிசை கொடுமைக்காக ஏற்பட்டதன்று. ஒருமுறை வரிசை அமைந்துவிட்டால் தீவனத் தொட்டியில் நாள்தோறும் சண்டை வேண்டியதில்லை. ஒரு பார்வையே போதும். புதிய கோழி வந்ததும் அந்த ஒழுங்கு குலைகிறது. அதன் இடம் எது என்று பழையவை அறியா, அதுவும் அறியாது. ஆதலின் மறுபடியும் கொத்தித்தான் முடிவு செய்யவேண்டும். கோழிகள் ஒன்றையொன்று தலையையும் கொண்டையையும் கொண்டே பெரிதும் அடையாளம் காண்கின்றன. நோயுற்றுச் சில வாரம் பிரிந்திருந்த பழைய கோழியைக்கூடத் திரும்பி வரும்போது அயலாராக நடத்துவதுண்டு.

சண்டையை நாம் முற்றும் தடுக்க இயலாது. அது குருதி சிந்தாத சிறு சண்டையாக முடியும்படி செய்ய இயலும். அதற்கு வேண்டியவை மூன்று: காலம், கண்பழக்கம், இடம்.

முதலில் தனிமை

வந்த கோழிகளை மூன்று நான்கு வாரம் தனியே வைத்தல் வேண்டும். இது சண்டைக்கு அஞ்சி அன்று, நோய்க்கு அஞ்சி. நமக்கு அண்மையிலுள்ள ராணிக்கேத் மலையூரின் பெயரைப் பெற்ற நோயை யாவரும் அறிவர். நம் ஊரில் அதனை வெள்ளைக் கழிச்சல் என்பர். அது புகுந்தால் கூட்டமே அழியும். அதற்குரிய தடுப்பூசி இரு கூட்டத்துக்கும் போடப்பட்டிருக்கவேண்டும். சிறகடியில் பேன் இருக்கிறதா, மூக்கு ஒழுகுகிறதா, எச்சம் கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்துவரவேண்டும். தீனி வைக்கும்போது பழையவற்றுக்கு முதலிலும் புதியவற்றுக்குப் பின்னும் வைப்பது நன்று. கையும் செருப்பும்கூட நோயைச் சுமக்கும்.

பிறகு கண்பழக்கம்

தனிமை முடிந்ததும் புதியவற்றைப் பழையவற்றின் கண்ணெதிரே, ஆனால் அலகுக்கு எட்டாமல் வைக்கவேண்டும். கம்பிவலைத் தடுப்பு சிறந்தது. வலை இல்லாத வீட்டில் நம் ஊர்ப் பஞ்சாரம் போதும். இவ்வட்டாரத்தில் டோக்ரா என்னும் பெருங்கூடை கிடைக்கிறது. உள்ளே காற்றும் வெளிச்சமும் புகும்படி இடைவெளிவிட்டுப் பின்னியதாகப் பார்த்து வாங்கவேண்டும். பகலில் முற்றத்தில் அதனைக் கவிழ்த்து, உள்ளே புதியவற்றையும், சற்றுத் தள்ளிப் பழையவற்றுக்கும் தீனி வைத்தால், இரண்டும் ஒருங்கே தின்னப் பழகும். ஒரு வாரம் முதல் இரு வாரம் வரை இவ்வாறு செய்க. பழையவை கூடையைச் சுற்றி வந்து சீறுவதை விட்டுத் தம்பாட்டில் கிளறத் தொடங்கினால், காலம் கனிந்தது என்று கொள்ளலாம்.

ஒன்றாக விடும் நாள்

ஒற்றைக் கோழியை ஒருபோதும் விடலாகாது. கொத்து முழுவதும் அதன்மேலேயே விழும். இரண்டு மூன்றாவது சேர்ந்து செல்லட்டும். உடலளவில் பழையவற்றுக்கு ஏறக்குறைய ஈடாக வளர்ந்திருத்தலும் வேண்டும். இறகு முளைத்ததே போதும் என்று சிறு குஞ்சுகளை விடுவது தவறு.

முதற்சந்திப்பு கூட்டுக்குள் வேண்டா. திறந்த முற்றத்தில், நாம் அருகிருந்து காணும் நேரத்தில் நிகழட்டும். தோற்ற கோழிக்கு ஓட வழி வேண்டும். ஒரு பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தாலே ஒளிய இடமாகும். இருபுறமும் திறந்திருக்கவேண்டும், இல்லையேல் அதுவே பொறியாகிவிடும். தீவனமும் தண்ணீரும் ஒன்றுக்கொன்று தொலைவாக இரண்டு மூன்று இடங்களில் வைக்கவேண்டும். மேலிடத்துக் கோழி ஒரு தொட்டியைக் காக்கலாம். மூன்றையும் காக்க இயலாது.

சிறு கொத்தும் துரத்தலும் கண்டு பதறவேண்டா. குருதி கண்டால் மட்டும் உடனே பிரிக்கவேண்டும். சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகளும் அங்கேயே கொத்தும். ஒரு கோழியே ஓயாமல் துன்புறுத்தினால், புதியதை விலக்காமல் அந்தப் பழையதை இரண்டு மூன்று நாள் பஞ்சாரத்தில் அடையுங்கள். வெளிவரும்போது அதன் செருக்கு பெரும்பாலும் தணிந்திருக்கும்.

இஸத்நகரில் 1979-இல் அமைந்த மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய காரி-நிர்பீக் போன்ற, அசில் குருதி கலந்த கோழிகளிடம் கூடுதல் கவனம் தேவை. நிர்பீக் என்றால் அச்சமற்றது. பெயருக்கேற்ற போர்க்குணமும் உண்டு.

தீவனத்தில் ஒரு நுட்பம்

இடும் கோழியின் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து நூற்றுக்கு 3.5 பங்குக்குக் குறையாமல் இருக்கும். இளங்கோழிக்கு ஏறத்தாழ 1 பங்கே போதும். மிகுந்தால் அதன் சிறுநீரகம் கெடும். ஆகவே சேர்ந்து வாழத் தொடங்கியபின் எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனமே வைத்து, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். முட்டையிடும் கோழி தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும்.

முன்சொன்ன வீட்டில் மறுமுறை இவ்வாறே செய்யச் சொன்னேன். மூன்று விடைக்கோழிகள் வந்தன. பத்து நாள் கூடையில் இருந்தன. வெளியே விட்ட முதல் நாள் சில இறகுகள் பறந்தன. மூன்றாம் வாரம் மூன்றும் பழையவற்றோடு ஒரே கழியில், ஓரத்தில், அடைந்தன.

விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் இதனைத் தம் வீட்டில் சொல்லலாம். வேண்டிய செலவு மிகக் குறைவு. பஞ்சாரம் பல வீடுகளில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்கும் பொறுமைதான் வேண்டும்.